மறுபடியும் கிழிந்த வலை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



கடந்த இரண்டு வாரங்களாக இந்தப் பகுதியில் தியானம் ஒன்றும் வெளிவரவில்லை. உங்களில் சிலர் வீட்டுக்கு வந்து விசாரித்தீர்கள். "ஐயா வெளியூர் போயிருக்கிறார்" என்று என் மனைவி சொன்னது உண்மையே. ஆனால் எதற்காகப் போனேன் என்பதை அன்று சொல்லவில்லை. பிறர் வாயிலாகப் பாதிச் செய்தியாக உங்களை வந்து சேருமுன், முழுவதையும் நானே எழுதிவிடுவது முறை என்று இன்று எழுத அமர்ந்தேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் என் நுரையீரலில் இருந்த நோய் திரும்ப வந்திருக்கிறது.

இதை வாசித்ததும் உங்களில் பலருக்கு அந்த ஞாயிறு நினைவுக்கு வரும். சிகிச்சை முடிந்து வந்த முதல் ஆராதனையில் நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். நீங்கள் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செய்தீர்கள். அந்தச் சாட்சியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முன் நோயைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். தெரியாத பெயர் மனத்தில் பயத்தை வளர்க்கும். தெரிந்துகொண்டால் ஜெபிப்பதற்கும் தெளிவு உண்டாகும்.

முதல் முறை எனக்கு வறட்டு இருமல் மட்டுமே இருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெண்மையாக ஒரு படலம் தெரிந்தது. நிமோனியா என்று மாத்திரை தந்தார்கள். இருமல் குறைந்தது, படலம் அசையவில்லை. பிறகு காசநோயாக இருக்கலாம் என்று சளியைச் சோதித்தார்கள், கிருமி இல்லை. இதற்காக நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன். நம் நாட்டில் நுரையீரலில் வெண்படலம் கண்டால் முதலில் இவ்விரண்டையும் நினைப்பதே மருத்துவருக்கு நியாயம். கடைசியில் அந்த இடத்திலிருந்து சிறு துண்டுச் சதை எடுத்து, பயாப்சி சோதனை செய்தபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது: மால்ட் லிம்போமா.

நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோய் இது. நம் சரீரத்தில் காற்றும் உணவும் புகும் வழிகளில் எல்லாம் ஈரமான சளிச்சவ்வு உண்டு. அதன் அடியில் காவல் வீரர்களைப் போல நிணநீர் அணுக்கள் இருந்து கிருமிகளை எதிர்க்கின்றன. அந்தக் காவலர்களே கட்டுமீறிப் பெருகினால் இந்த நோய் உண்டாகிறது. இதை ஒரு தனி வகை என்று 1983இல் முதன்முதல் எடுத்துக்காட்டியவர்கள் பீட்டர் ஐசக்சன், டெனிஸ் ரைட் என்னும் இங்கிலாந்து நாட்டு நோயியல் அறிஞர்கள். பெரும்பாலும் இது இரைப்பையில் வரும். நுரையீரலில் வருவது அரிது. நுரையீரலில் தோன்றும் புற்றுநோய்கள் நூறில் ஒன்றுகூட இவ்வகையாக இராது. பொதுவாக மிக மெதுவாக வளரும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் தொல்லையே இராது. ஆனால் நீங்கிய பின்னும், பல ஆண்டுகள் கழித்துக்கூட, அதே நுரையீரலிலோ மறு நுரையீரலிலோ, இரைப்பை, உமிழ்நீர்ச் சுரப்பி, கண்ணைச் சுற்றிய திசு ஆகிய வேறிடங்களிலோ திரும்பத் தோன்றக்கூடும். ஆகையால்தான் இந்நோய் கண்டவர்களை மருத்துவர்கள் நெடுங்காலம் கண்காணிக்கிறார்கள்.

எனக்கு ரிட்டுக்ஸிமாப் என்னும் மருந்தை நரம்பின் வழியாக ஏற்றினார்கள். சில மாதங்களில் படலம் மறைந்தது. அன்று மருத்துவர் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "இப்போது ஒன்றும் தெரியவில்லை; ஆனால் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்." நான் உங்கள்முன் நின்று சொன்னது என்ன? "நோய் வேரோடு போய்விட்டது, இனி அது என்னிடத்தில் வராது."

அன்பானவர்களே, "இப்போது தெரியவில்லை" என்பதும் "இனி வராது" என்பதும் ஒன்றல்ல. முதலாவது மருத்துவர் கண்டது. இரண்டாவது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஆண்டவர் செய்தது போதாது என்பதுபோல, அதற்கு மெருகூட்டினேன். அன்று அதை விசுவாசம் என்று எண்ணினேன். இன்று யோசித்துப் பார்க்கையில், அதில் விசுவாசம் பாதி. உங்கள் ஸ்தோத்திர சத்தத்தைக் கேட்கும் ஆசை பாதி.

அந்தச் சொல் என்னையே கட்டிப்போட்டது. மூன்று ஆண்டுகள் ஒழுங்காக ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஸ்கேன் அறையின் வெளியே வரிசையில் அமர்ந்திருந்தபோது, நான் வசனம் சொல்லப் போயிருந்த ஒரு கூட்டத்தில் என் சாட்சியைக் கேட்ட சகோதரர் ஒருவர் எதிரே வந்தார். "ஐயா, உங்களுக்குத்தான் சுகமாயிடுச்சே, இங்க என்ன வேலை?" என்று வெள்ளை மனத்தோடு கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தேன். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் நான் ஸ்கேனுக்குப் போகவில்லை. வேலை மிகுதி என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் வெட்கப்பட்டேன். அந்த வரிசையில் உட்காருவது என் சாட்சியை நானே மறுதலிப்பதுபோல எனக்குத் தோன்றியது.

இந்த ஏப்ரலில் சளிக்காய்ச்சல் வந்து, காய்ச்சல் போயும் இருமல் போகவில்லை. மூன்றாவது வாரம் என் மனைவி, "நீங்க வரலைன்னா நான் ஒருத்தியாப் போயி டாக்டர்கிட்ட சொல்லிட்டு வருவேன்" என்றாள். போனோம்.

மருத்துவர் கணினித் திரையில் நான்கு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். சிகிச்சைக்கு முன் எடுத்தது, சிகிச்சை முடிந்ததும் எடுத்தது, மூன்றாண்டுகளுக்கு முன் எடுத்தது, அன்று எடுத்தது. சி.டி. ஸ்கேன் என்பது மார்பைப் பலகை பலகையாக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்தில், வெட்டாமலே வெட்டிக் காட்டும் கருவி. 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு நோயாளியின் தலையை முதன்முதல் இவ்விதமாகப் படமெடுத்தார்கள். அதை வடிவமைத்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் 1979இல் ஆலன் கார்மக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நம் ஊரை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் மண்ணை அடுக்கடுக்காகத் தோண்டி, எந்த அடுக்கில் எது கிடந்தது என்று குறித்து, ரோமாபுரியோடு நடந்த வாணிகத்தின் காலத்தைக் கணித்தாரல்லவா? அதுபோல மருத்துவரும் ஒவ்வோர் அடுக்காகத் திரையில் நகர்த்திக்கொண்டே போனார்.

இம்முறை வலப்பக்கம் தெளிவாக இருந்தது. இடது நுரையீரலில், இதயத்தை ஒட்டினாற்போல, ஒரு வெண்படலம். அதனுள் கறுப்பாக, கிளைவிட்ட கோடுகள் ஓடின. மூடுபனிக்குள் நிற்கும் இலையற்ற மரத்தைப்போல இருந்தது. "இந்தக் கறுப்புக் கோடு என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது மூச்சுக்குழாய், ஐயா. சுத்தி இருக்கிற இடத்தையெல்லாம் நோய் நிரப்பிடுச்சு. ஆனா குழாயை அடைக்கல. உள்ள காத்து இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கு. காத்து இருக்கிறதாலதான் கறுப்பாத் தெரியுது."

நிமோனியாவிலும் இப்படித் தெரியும். ஆகவே இந்தத் தோற்றம் ஒன்றைக்கொண்டே முடிவு சொல்ல முடியாது என்றும் அவர் விளக்கினார். பிறகு மூன்றாண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் அதே இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். வேர்க்கடலை அளவில், மங்கலாக ஏதோ ஒன்று. அன்றைக்கு அதைப் பார்த்தவர் எவரும் பழைய தழும்பு என்றே எண்ணியிருப்பார். இன்று திரும்பிப் பார்க்கையில்தான் அது தொடக்கம் என்று புரிகிறது. "இந்த நோயில் போன மாசத்துப் படத்தோட ஒப்பிட்டா வித்தியாசமே தெரியாது. எப்பவும் ரொம்பப் பழைய படத்தை எடுத்துப் பக்கத்துல வைக்கணும்" என்றார்.

அந்த வார்த்தை என்னை வெகுவாகத் தாக்கியது. நோயைப் பற்றி மட்டும் அவர் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நாம் நேற்றைய நம்மோடு இன்றைய நம்மை ஒப்பிட்டு, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று ஆறுதல் அடைகிறோம். ஜெபம் ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? உண்மை ஒரு சொல் விலகினால் யாருக்குத் தெரியும்? ஆறு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைக் கட்டிலில், ஒன்றையும் மறைக்காமல் ஆண்டவரிடத்தில் பேசிய அந்த மனிதனை இன்றைய என் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையைப் போன்ற, கதிர்வீசும் மருந்து ஒன்றைச் செலுத்தி, அதை மிகுதியாக உண்ணும் இடம் எது என்று பார்ப்பது அது. மெதுவாக வளரும் நோயாகையால் இதில் சிலருக்குப் பிரகாசமாகத் தெரியாது. எனக்கும் மங்கலாகவே தெரிந்தது. மங்கலாக இருப்பதால் நோய் இல்லை என்றாகாது. ஆகவே மீண்டும் பயாப்சி. பழைய நோயேதான், வேகமாகப் பரவும் வகையாக அது மாறிவிடவில்லை. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறேன்.

இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்பது மருத்துவர்களின் முடிவு. இருமல் நின்றுவிட்டது, அது அந்தச் சளிக்காய்ச்சலால் வந்ததாகவே இருக்கலாம் என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். வளர்ந்தால் சிகிச்சை. வளராவிட்டால் மேலும் காத்திருத்தல். "ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறார்களா?" என்று கலங்காதீர்கள். இந்த நோயில் விழித்திருந்து காத்திருப்பதும் ஒரு சிகிச்சை முறையே. இரவெல்லாம் விடியலை எதிர்நோக்கி மதில்மேல் நிற்கும் காவற்காரனைப் பற்றிச் சங்கீதக்காரர் பாடியிருக்கிறாரே, அவன் தூங்குகிறவனும் அல்ல, ஓடுகிறவனும் அல்ல. எனக்கு இப்போது கொடுக்கப்பட்டிருக்கும் வேலை அதுவே.

ஆனாலும் பயாப்சி முடிவு வந்த அன்று மாலை, என் மனம் நிலைகொள்ளவில்லை. கடற்கரைக்கு நடந்தேன். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையிலே நின்றன. நம் சபையின் மூத்தவர் ஒருவர் கொட்டகை நிழலில் அமர்ந்து, காலின் பெருவிரலில் வலையை இழுத்துக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "பெரியவரே, சபை முன்னால நான் சொன்ன சாட்சி பொய்யாப் போச்சே" என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. "ஐயா, இந்த வலையப் போன வருசமும் இதே தடைக்காலத்துல உக்காந்து நாந்தான் தெச்சேன். இந்த வருசம் வேற பக்கம் கிழிஞ்சிருக்கு. அதுக்காகப் போன வருசம் தெச்சது பொய்யின்னு ஆவுமா? அந்த வலையிலதான ஒரு வருசம் மீன் புடிச்சி சோறு துன்னோம்?"

சற்றுப் பொறுத்து, "ஆனா ஒண்ணு, இனிமே கிழியவே கிழியாதுன்னு நான் யாருக்கும் சொல்லல" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தேன். ஆண்டவர் யாக்கோபையும் யோவானையும் அழைத்தபோது, அவர்கள் தகப்பனோடு படவிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். அவ்விடத்தில் கிரேக்கத்தில் வரும் வினைச்சொல்லையே, தவறில் அகப்பட்ட சகோதரனைச் சாந்தமாய்ச் சீர்ப்படுத்தும்படி கலாத்தியருக்கு எழுதும்போது பவுலும் கையாளுகிறார். வலைக்காரனாயிருந்த பேதுருவோ, தம் முதல் நிருபத்தின் முடிவில், பாடுபடுகிற விசுவாசிகளுக்குத் தேவன் செய்யப்போவது இன்னதென்று சொல்லும்போது, அதே சொல்லை எடுத்துக்கொள்கிறார். வலையைத் தைப்பது ஒருமுறையோடு முடியும் வேலை அன்று என்பது பேதுருவுக்குத் தெரியாதா?

எசேக்கியா ராஜாவுக்கு மரண வியாதி நீங்கி, பதினைந்து ஆண்டுகள் கூட்டிக்கொடுக்கப்பட்டன. அத்திப்பழ அடையை வைத்துக் கட்டும்படி ஏசாயா சொன்னதையும் வேதம் மறைக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்து அவர் மரித்தபோது, அந்தச் சுகம் பொய்யாயிற்றா? கல்லறையிலிருந்து எழுந்துவந்த லாசரு இன்று நம்மிடையே இல்லை. மறுபடியும் ஒருநாள் மரித்திருப்பார். அதனால் பெத்தானியாவில் நடந்தது நடவாததாகிவிடுமா? எனக்கு ஆறு ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் என் மகளின் திருமணத்தை நடத்தினேன். உங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். உங்களில் சிலரின் பெற்றோரை அடக்கம்பண்ணி, உங்களோடு அழுதேன். அந்த ஆறு ஆண்டுகள் கிருபையே. நான் பொய்யாக்கியது ஆண்டவரின் கிரியையை அல்ல. அதன்மேல் நானாக ஒட்டிவைத்த வாக்குறுதியை மட்டுமே. அதை இன்று உங்கள்முன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என்னை மன்னியுங்கள்.

இதை நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சபைச் சகோதரி ஒருவரிடம், அவர் அனுமதியோடு இதை எழுதுகிறேன், கடந்த வாரம் என் நிலையைச் சொன்னபோது அவர் திடுக்கிட்டார். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி அகற்றப்பட்டது. "ஐயா, உங்க சாட்சியக் கேட்டதுக்கப்புறம் நானும் செக்கப்புக்குப் போறத நிறுத்திட்டேன். போனா அவிசுவாசம்னு நெனச்சேன்" என்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை. என் நோய் திரும்பியதைக் கேட்டபோதுகூட நான் அவ்வளவு நடுங்கவில்லை. மறுநாளே என் மனைவி அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். முடிவு இன்னும் வரவில்லை. எனக்காக ஜெபிப்பதற்கு முன் அவருக்காக ஜெபியுங்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, மேய்ப்பனாக உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர் திரும்பி வரச் சொன்ன நாளில் போங்கள். பரிசோதனைக்குப் போவது அவிசுவாசம் அன்று. வெளிச்சத்துக்குப் பயப்படாமல் வருவதே விசுவாசம். உங்கள் பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் குறுந்தகடுகளையும் தூக்கி எறியாமல், உப்புக்காற்று படாதபடி பத்திரமாக வைத்து, ஒவ்வொரு முறையும் கையில் கொண்டுபோங்கள். புதிய படம் பேசாததைப் பழைய படம் பேசும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் கைவைத்தியத்தோடு நிறுத்தாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்து தின்றும் நெஞ்சிலுள்ள படலம் கரையவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். நம் நகரத்திலேயே ஜிப்மரில் புற்றுநோய்க்கெனத் தனி மையம் இருக்கிறது. தூரம் என்று சாக்குச் சொல்ல நமக்கு இடமில்லை.

சாட்சி சொல்லும்போது, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். ஆண்டவருக்கு நம் மிகைப்பேச்சின் உதவி தேவையில்லை. ஒருவருக்கு நோய் திரும்பினால், "என்ன பாவமோ" என்று திண்ணையில் பேசாதீர்கள். பிறவிக்குருடனைக் கண்டு சீஷர்கள் கேட்ட அந்தக் கேள்விக்கு ஆண்டவர் இடம்கொடுக்கவில்லை. பேசுவதற்குப் பதிலாக ஒருவேளைக் கஞ்சி கொண்டுபோங்கள். வரிசையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

வருகிற ஞாயிறு நான் ஆராதனைக்கு வருவேன். செய்தியும் கொடுப்பேன். களைப்பாக இருந்தால் அமர்ந்து பேசுவேன், வருத்தப்படாதீர்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் என்ன தெரிந்தாலும், மருத்துவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமலும் குறைக்காமலும் இதே இடத்தில் உங்களுக்கு எழுதுவேன்.

அந்தப் படத்திலுள்ள கறுப்புக் கோடுகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சுற்றிலும் அடைந்துகிடக்கிறது, நடுவே சுவாசம் போய்வந்துகொண்டிருக்கிறது. மண்ணில் உருவாக்கிய மனிதனின் நாசியில் சுவாசத்தை ஊதினவர் இன்னும் அதை நிறுத்தவில்லை. இன்றைக்கு எனக்கு அது போதும்.

ஜெபிப்போம்.

எங்கள் ஆண்டவரே, நீர் தந்த சுகத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். அதற்குமேல் நாங்கள் சேர்த்துச் சொன்ன வார்த்தைகளை மன்னியும். முடிவுக்காகக் காத்திருக்கும் எங்கள் சகோதரியின் அருகில் இரும். மருத்துவமனை வரிசைகளில் அமர்ந்திருக்கும் யாவரையும் நினைத்தருளும். கிழிந்த இடத்தை எத்தனை முறையானாலும் தைக்கிற உமது கரத்தை நாங்கள் நம்பும்படி எங்களுக்குக் கிருபை தாரும். விழித்திருந்து காத்திருக்க எங்களுக்குக் கற்றுக்கொடும். ஆமென்.

உங்கள் ஜெபங்களை நாடும்,
உங்கள் போதகன்,
வீராம்பட்டினம்.